செந்தீ மீன் கண்ணாடித் தொட்டி சேர்ந்த வரலாறு

நிலத்தை ஐவகையாகப் பகுத்த பண்டைத் தமிழர் மலையைக் குறிஞ்சி என்றும் கடற்கரையை நெய்தல் என்றும் வேறுபடுத்தினர். வரலாறோ இவ்விரண்டையும் அவ்வளவு தொலைவில் நிறுத்தவில்லை. நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் முன்னோரிற் பெருந்தொகையினர் தென்னிந்தியக் கரையிலே தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து மலையேறியவர்கள். அவர்கள் கடந்த அக்கடலின் அடியிலே முருகைக்கற் பார்கள் உள. அப்பார்களின் பொந்துகளிலே பகலெல்லாம் அசைவின்றித் தங்கி, அந்தி சாயும் வேளையில் இரை தேடப் புறப்படும் மீனொன்று உண்டு. செந்நிறமும் வெண்மையும் மாறி மாறி வரும் கோடுகள் அதன் உடலைச் சுற்றியுள்ளன. இரு மருங்கிலும் விசிறிபோல் விரியும் செட்டைகளும், முதுகிலே ஈட்டிகளை நட்டு வைத்தாற்போன்ற நீண்ட முட்களும் உடையது. இக்காலத்தார் இதனைச் சிங்கமீன் என்பர். முட்களில் நஞ்சுடைய இம்மீன் இலங்கைக் கடலிலிருந்து உலகத்தாரின் வரவேற்பறைகளுக்கு ஏறிச் சென்ற வரலாறு, மலைநாட்டாரும் அறியத்தக்கது. அவ்வரலாற்றிலே தேயிலைக்கும் சிறியதோர் இடம் உண்டு.

முதற்கண் நஞ்சு என்னும் சொல்லைத் தெளிவுபடுத்துதல் நன்று. மீன்களில் நஞ்சு இருவகையாக அமையும். உண்டாற் கொல்லும் நஞ்சு ஒன்று. குத்தினால் வருத்தும் நஞ்சு மற்றொன்று. பேத்தை மீனின் நஞ்சு முன்னையது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது கெடுவதில்லை. திருக்கை, கெளிறு, ஓரா முதலியவற்றின் நஞ்சு பின்னையது. யாழ்ப்பாணத்து அடுக்களைகளிலே ஓராவுக்குள்ள மதிப்பு யாவரும் அறிந்ததே. ஆயினும், அதனை வலையிலிருந்து கழற்றும் மீனவர் அதன் முள்ளுக்கு எவ்வளவு அஞ்சுவர் என்பதை வாங்கி உண்போர் நினைப்பதில்லை. சிங்கமீனும் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் முதுகில் 13 முட்களும், வயிற்றுச் செட்டைகளில் 2 முட்களும், குதச் செட்டையில் 3 முட்களுமாக 18 நச்சு முட்கள் உண்டு. ஒவ்வொரு முள்ளின் இரு மருங்கிலும் நீண்ட பள்ளம் அமைந்து, அதனுள் நஞ்சு சுரக்கும் இழையம் கிடக்கும். முழுவதையும் மெல்லிய தோலொன்று உறைபோல் மூடியிருக்கும். முள் பகைவனின் உடலிற் பதியும்பொழுது அவ்வுறை பின்னே தள்ளப்பட்டுக் கிழிய, நஞ்சு காயத்துட் கலக்கும். பாம்பைப்போல் இம்மீன் நஞ்சைப் பாய்ச்சுவதில்லை. தொட்டவர்தாமே அதனை வாங்கிக்கொள்கின்றனர்.

இந்நஞ்சு ஒருவகைப் புரதமாகும். வெப்பத்தால் அதன் ஆற்றல் குறையும். ஆதலின், குத்துண்ட கையையோ காலையோ ஏறத்தாழ 45 பாகை செல்சியசுச் சூடுள்ள நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்தி வைத்தல் முதல் உதவியாகக் கொள்ளப்படுகின்றது. வேதனையில் இருப்பவனுக்குச் சூட்டின் அளவு தெரியாது. எனவே, நலமுள்ள மற்றைக் கையினாலே நீரைச் சோதித்தல் வேண்டும். குத்தினால் உண்டாகும் நோவு மிகக் கொடியது. வீக்கமும் குமட்டலும் தொடரலாம். எனினும், சிங்கமீனால் இறப்பு நேர்தல் மிக அரிது. அதன் இனத்ததாகிய கல்மீனே உண்மையில் அஞ்சத்தக்கது. பாசி படர்ந்த கல்லைப்போற் கடலடியிற் கிடப்பதால், மிதிப்பவர் மிதித்த பின்னரே அதனை அறிவர். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து 1959இல் ஆஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டது.

மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த இம்மீன் ஐரோப்பிய விஞ்ஞானத்தின் ஏட்டில் ஏறியது 1828ஆம் ஆண்டிலாகும். இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு மீனை இலின்னேயசு 1758இல் வகைப்படுத்தியிருந்தார். இலங்கையின் மீனுக்குப் பெயரிட்டவர் யோன் விற்சேர்ச் பென்னற் என்னும் ஆங்கிலேயர். இலங்கைச் சிவில் சேவையிலே பணியாற்றிய இவர், இந்நாட்டுக் கரையோர மீன்களைப் பற்றிய அழகிய நூலொன்றை 1828 தொடக்கம் 1830 வரையான காலத்தில் இலண்டனில் வெளியிட்டார். அதிலே 30 வண்ணப் படங்கள் உள. இலத்தீன் மொழியிலே போர்வீரன் எனப் பொருள்படும் ‘மைலெஸ்’ என்னும் சொல்லை இம்மீனுக்குச் சிறப்புப் பெயராக்கினார். செந்நிறப் போர்வையும் ஈட்டி வரிசையும் உடைய மீனுக்கு அப்பெயர் நன்கு பொருந்துகின்றது. இன்றும் விஞ்ஞானிகள் அதனை ‘தெரோயிஸ் மைலெஸ்’ என்றே வழங்குகின்றனர். 1845 முதல் 1850 வரை இலங்கையிலே குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற், பின்னர் எழுதிய நூலிலே, சிங்கள மக்கள் இதற்குப் ‘பெருஞ் செந்தீ’ எனப் பொருள்படும் பெயர் வழங்கியதைக் குறித்துள்ளார். போர்வீரன் என்ற பெயரிலும் இதுவே சிறந்தது எனலாம். குத்துண்டவன் உணர்வதும் நெருப்பையே அன்றோ!

பென்னற்றின் நூலிலே மற்றொரு செய்தியும் நோக்கற்பாலது. அவர் தந்த பெயர்களுள் ஒன்று தேசாதிபதி பிரவுன்றிக்கை நினைவூட்டுவது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபோது ஆட்சியிலிருந்தவர் இவரே. ஓர் இராச்சியத்தின் வீழ்ச்சியோடு தொடர்புடைய பெயர் விரலளவு மீனொன்றில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று. பென்னற் மீன்களுக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்த அதே காலத்திலேதான் தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் நுவரெலியாவை ஐரோப்பியரின் உடல் நலத்துக்குரிய குளிர்வாசத் தலமாக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார். மலையில் வீதி அளந்தவரும் கடலில் மீன் அளந்தவரும் ஓர் அரசாங்கத்தின் ஊழியரே.

தம் படங்கள் இலங்கையின் தென்பகுதியில் உயிருள்ள மீன்களைப் பார்த்து வரையப்பட்டவை என்பதைப் பென்னற் நூலின் தலைப்பிலேயே பொறித்தார். இதற்குக் காரணம் உண்டு. முருகைக்கற் பார் மீன்களின் நிறம் உயிர் நீங்கியதும் மங்கும். சாராயத்தில் இட்டால் அறவே மறையும். ஐரோப்பிய நூதனசாலைகளின் புட்டிகளிலே இருந்தவை வெளிறிய பிணங்களே. உயிருள்ள மீனைப் பார்த்து வரைய வேண்டுமாயின், சில நாழிகையேனும் அதனைக் கடல்நீரில் வைத்துக் காத்தல் வேண்டும். இவ்வாசையே மீன்தொட்டியின் தோற்றுவாய் எனக் கொள்ளுதல் தவறாகாது.

ஆனால், கடல் உயிர்களைத் தொட்டியிலே நெடுநாள் வாழவைக்கும் வழி அப்பொழுது தெரிந்திலது. 1850ஆம் ஆண்டளவில் இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன், மீனையும் நீர்த்தாவரத்தையும் ஒருங்கே வைத்தால் ஒன்று வெளிவிடுவதை மற்றையது ஏற்று இரண்டும் வாழும் எனக் காட்டினார். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிலே மீன்களுக்கெனத் தனி மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகத்தை உண்டாக்கிற்று. ஆயினும், அத்தொட்டிகளில் வாழ்ந்தவை இங்கிலாந்தின் குளிர்ந்த கடலுயிர்களே. வெப்பக் கடலின் மீன் வாரக்கணக்கிற் கப்பலிலே பயணஞ்செய்து உயிரோடு இலண்டன் சேர்தல் எளிதன்று. ஆகவே அதனைக் காண விரும்பியோர் வெப்பக் கடற்கரைக்கே வரவேண்டியிருந்தது.

இவ்வகையிற் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே அரசாங்க நூதனசாலையின் தலைவராயிருந்த எட்கார் தேர்ஸ்ரன் என்பாரின் முயற்சியினால், கடற்கரையிலே மீன்காட்சிச்சாலை ஒன்று 1909ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. கடலுக்கு அணித்தே இருந்தமையால், நீரும் உணவும் புதிய மீன்களும் அன்றாடம் கிடைத்தன. கடலை அஞ்சி வாழ்ந்தவனும் கடலையே காணாதவனும் ஒரே கண்ணாடியின் முன் நின்று, தம் நாட்டுக் கடலின் அடியில் உள்ளவற்றை முதன்முறையாகக் கண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், யப்பானியர் படையெடுப்பார் என்னும் அச்சத்தினால் அது மூடப்பட்டது. இலங்கையிலே, ஜெர்மானியராகிய யோன் ஹாகன்பெக் தெகிவளையில் வைத்திருந்த மிருகத் தொகுதியை அரசாங்கம் 1936இல் ஏற்று மிருகக்காட்சிச்சாலை ஆக்கிற்று. அங்கும் பின்னர் மீன்காட்சி மண்டபம் அமைந்தது. மலைநாட்டுப் பாடசாலைகளிலிருந்து கொழும்புக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவருக்குக் கடலடியின் முதற் காட்சி பெரும்பாலும் அம்மண்டபத்திலேதான் கிடைப்பது.

போர் முடிந்த பின் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. 1943இல் பிரான்சிலே கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் ஆக்கிய சுவாசக் கருவி மனிதனை மீனோடு மீனாகக் கடலடியில் உலவச் செய்தது. பொலிதீன் பையில் நீரும் ஒட்சிசனும் நிரப்பி மீனை அடைத்தனுப்பும் முறை வந்தது. ஆகாய விமானம் வாரங்களை மணிகளாக்கியது. இவற்றின் பயனை இலங்கையில் முதலில் உணர்ந்தவருள் ஒருவர் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலே பணியாற்றிய ரொட்னி யொங்க்லாஸ். 1956இல் இந்நாட்டுக்கு வந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்குடனும் மைக் வில்சனுடனும் கடலாடிய இவர், பின்னர் பார் மீன்களைப் பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலின் முன்னோடியானார். வெப்பக்கடல் மீன்களைப் பிடிக்கும் கலைபற்றி 1975இல் நூலொன்றும் எழுதினார். அவர் சென்ற வழியிற் பலர் சென்றனர். தேயிலை பெட்டியில் ஏறிச் சென்ற நாட்டிலிருந்து மீன் பையில் ஏறிச் சென்றது. தேயிலையை வளர்த்துப் பறிக்க வேண்டும். மீனையோ வளர்க்க வேண்டியதில்லை. பிடித்தால் மட்டும் போதும். வளர்க்காமற் பறிக்கும் தொழிலுக்கு எல்லை எங்கே என்னும் வினாவை அந்நாளில் எழுப்பினோர் சிலரே.

சிங்கமீன் தொட்டி வைப்போரின் விருப்பத்துக்குரியதாயிற்று. அதற்கு அழகு மட்டும் காரணமன்று. மற்றைப் பார் மீன்கள் பலவற்றினும் அது உடல்வலி மிக்கது, ஒளித்து ஓடாது, விசிறியை விரித்தபடி மிதந்து நிற்கும். நஞ்சுடையது என்னும் எண்ணமும் ஒரு கவர்ச்சியே. ஆயினும் அதனை வளர்த்தல் விளையாட்டன்று. வாயிற் கொள்ளும் எதையும் அது விழுங்கும். எனவே சிறு மீன்களை உடன் வைத்தலாகாது. தொடக்கத்தில் உயிருள்ள இரையையே நாடும். மெல்ல மெல்லவே இறந்த இரைக்குப் பழகும். ஓரடிக்கு மேல் வளரக்கூடியதாகலின் சிறு தொட்டி போதாது. நீரின் வெப்பம் 24 முதல் 27 பாகைவரை மாறாதிருத்தல் வேண்டும். கடல்மட்டத்துக்கு 6,128 அடி உயரத்திலே, ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் உள்ள நுவரெலியாவிலே இம்மீனை வைக்க விரும்புபவர், தமக்கு அடுப்பு மூட்டுமுன் அதற்கு மூட்ட வேண்டியிருக்கும்! வளர்ப்போர் குத்துண்பது பெரும்பாலும் தொட்டியைத் துப்புரவு செய்யும்போதே. மீன் சினந்து பாய்வதனால் அன்று. கை அதனிடஞ் செல்வதனால்.

கைக்கு நேரும் இவ்விடரைப் பற்றி நூல்கள் மிக எழுதின. கடலுக்கு நேரக்கூடியதைப் பற்றி நெடுங்காலம் எவரும் எழுதவில்லை. ஒரு நீரில் உள்ளதைப் பிறிதொரு நீரில் விடுதல் தீங்கென்று அக்காலத்தார் கருதவுமில்லை. இதற்கு நுவரெலியாவே சான்று. தாயகத்து ஆற்றங்கரை நினைவில் வாழ்ந்த தோட்டத் துரைமார், 1880களில் ஐரோப்பாவின் திரௌத்து மீனின் முட்டைகளைத் தருவித்து இம்மலை ஓடைகளிலே விட்டனர். பின்னர் வட அமெரிக்காவின் வானவில் திரௌத்தும் வந்தது. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் அது இன்றும் வாழ்கின்றது. அவ்வோடைகளின் பழங்குடிகளாகிய சிறு நண்டு, இறால், தவளைக்குஞ்சு முதலியவற்றுக்கு அதனால் யாது நேரும் என்னும் கேள்வி தூண்டிலிட்டவர் மனத்தில் எழவில்லை. மேனாட்டு மீன் நம் மலையேறியதும் நம் கடல்மீன் மேனாட்டுத் தொட்டி ஏறியதும் ஒரே மனப்பான்மையின் இரு முகங்கள் எனலாம்.

அத்திலாந்திக் கடலிலே சிங்கமீன் இயற்கையாய் இருந்ததில்லை. 1985இல் புளோரிடாக் கரைக்கு அண்மையில் ஒன்று அகப்பட்டது. 1992இல் வீசிய பெருஞ் சூறாவளியில் கரையோர வீடொன்றின் தொட்டி உடைந்து ஆறு மீன்கள் தப்பியமையே யாவற்றுக்கும் காரணம் என ஒரு கதை பரவிற்று. நல்ல கதையே, ஆயினும் ஏழாண்டுக்கு முன்னரே மீன் அங்கு இருந்தமையால் அது நில்லாது. வளர்ந்து பெருத்து, உடன் வைத்த மீன்களையெல்லாம் விழுங்கிவிட்ட மீனைக் கொல்ல மனமின்றிக் கடலில் விட்டோர் பலர் இருந்திருத்தல் வேண்டும் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. இரக்கத்தினாற் செய்த செயல் இவ்வாறு முடிந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அம்மீன் அமெரிக்கக் கிழக்குக் கரையெங்கும், பகாமாத் தீவுகளிலும், கரிபியன் கடலிலும் பல்கிற்று. 2014இல் பிரேசில் கரையிலும் காணப்பட்டது. அங்குள்ளவற்றிற் பெரும்பாலானவை இலின்னேயசு பெயரிட்ட இனம். பென்னற் பெயரிட்ட இலங்கை இனமும் சிறு பங்காக அவற்றோடு கலந்துள்ளது.

ஒரு பெண்மீன் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் முட்டைகளை இடும். அங்குள்ள சிறுமீன்கள் இப்படியொரு வேட்டையாடியை முன்பு கண்டறியாதன. அதன் விரிந்த செட்டைகளைக் கண்டு அவை விலகுவதில்லை. பகாமாத் தீவுகளிலே நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஐந்து வார காலத்தில் ஒரு சிங்கமீன் சிறு பாரொன்றிற் புதிதாய் வந்து சேரும் இளமீன்களின் தொகையை நூற்றுக்கு 79 பங்கு குறைத்துவிடுகின்றது எனக் காட்டிற்று. இருநூறு ஆண்டுகளாக மனிதர் அஞ்சியது அம்மீனின் முள்ளை. அத்திலாந்திக் கடலை வெறுமையாக்கியது அதன் வாய்.

மத்தியதரைக் கடலுக்கு அது சென்ற வழி வேறு. 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய் அவ்வழி. அதே ஆண்டிலேதான் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோயும் இங்குக் கண்டறியப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 1867இல், ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலை பரவ, அது குறுகிய வழியில் இலண்டன் சேர்வதற்குக் கால்வாய் உதவிற்று. தோட்டத் தொழிலாளரின் கொழுந்து வடக்கே சென்ற அவ்வாய்க்காலின் ஊடாகவே செங்கடலின் உயிர்களும் வடக்கே நகரலாயின. இடையிலுள்ள கசப்பேரிகளின் மிகையான உப்பு அவற்றை நெடுங்காலம் தடுத்தது. நாளடைவில் அவ்வுப்புக் கரைந்து தடையும் தளர்ந்தது. பென்னற்றின் ‘போர்வீரன்’ 1991இல் இசுரவேல் கரையிலே முதன்முறை பிடிபட்டது; 2012 முதல் லெபனான், சைப்பிரசு எனத் தொடர்ந்து மேற்கே பரவி நிற்கின்றது.

இதற்கிடையில் அம்மீனின் சொந்த வீடாகிய இலங்கைப் பார்களின் நிலை யாது? மீன் பிடிப்போர் முருகைக் கற்களின்மேற் சிறு வலையைக் கவிழ்த்து, கற்களைக் கோலாற் குத்தி உடைத்து, உள்ளே ஒளித்த மீனை வெளியேற்றும் வழக்கம் ஒன்று இருந்தது. மொக்சி வலை எனப்படும் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஒரு மீனைப் பிடிக்க நூறு மீன்களின் வீட்டை இடித்த அம்முறையைத் தடுத்தது தக்கதே. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வாழ் வளச் சட்டமும், 1998இல் உயிர்மீன் ஏற்றுமதி இறக்குமதி பற்றி ஆக்கப்பட்ட விதிகளும் சில இனங்களை ஏற்றுமதி செய்வதை முற்றாக விலக்கின. வேறு சிலவற்றைக் கட்டுப்படுத்தின. அதே 1998இல் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியதால் இக்கடுவ முதலிய இடங்களிலே முருகைகள் வெளிறி மாண்டன. சட்டத்தால் அதனைத் தடுத்திருக்க இயலாது. ஆழம் அறியாது இறங்கி, விரைந்து மேலேறி, காற்றழுத்த நோயினால் கைகால் முடங்கும் சுழியோடிகளின் துன்பம் தொட்டியின் விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை. கொழுந்தெடுப்பவளின் கூலி தேயிலைப் பெட்டியின்மேல் எழுதப்படாதது போலத்தான்.

சைப்பிரசுத் தீவினர் 2017 தொடக்கம் சிங்கமீனைத் திட்டமிட்டு வேட்டையாடத் தொடங்கினர். சுழியோடிகள் கூட்டமாக இறங்கி அதனை ஈட்டியாற் குத்திக் கொணர்கின்றனர். தடித்த கையுறை அணிந்து, 18 முட்களையும் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கி, எஞ்சிய வெள்ளைத் தசையைப் பொரித்து உணவுச்சாலைகளிற் பரிமாறுகின்றனர். முள்ளில் உள்ள நஞ்சு தசையில் இல்லை என்பதையும், நெருப்பின் முன் அந்நஞ்சு நில்லாது என்பதையும் அவ்வூர் மீனவருக்கு இப்பொழுது வகுப்பு வைத்துக் கற்பிக்கின்றனர்.